மழைக் கையுறை நனைந்தால்

பைக் ஓட்டும்போது கையுறைக்குள் ஈரம் தெரிந்தால் உடனே ஓட்டை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேலே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு ஓடாமல் துணி கறுத்து ஊறினால், நீர்விலக்குப் பூச்சு தேய்ந்துவிட்டது. ஊறிய துணி வழியாக வியர்வை ஆவி எளிதில் வெளியேறாது. அதுதான் அந்த நசநசப்பு.

துணிக் கையுறையை 30 டிகிரிக்கு மிகாத தண்ணீரில், கொஞ்சம் திரவ சோப்பு விட்டுக் கசக்குங்கள். துணி மென்மையாக்கி வேண்டவே வேண்டாம், அதன் படிவு பூச்சைக் கெடுக்கும். நுரை வருவது நிற்கும்வரை அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்துங்கள். நிழலில், ஃபேன் காற்றில், விரல்கள் மேலே இருக்க நிறுத்துங்கள். உள்துணி காய இரண்டு நாள்கூட ஆகலாம். பிறகு நீர்விலக்கு ஸ்பிரே.

ஈரக் கையை வெடுக்கென்று உருவினால் உள்துணியும் கூடவே வந்துவிடும். திரும்ப விரல்களுக்குள் நுழைப்பது பெரும்பாடு. ஒவ்வொரு விரல்நுனியாகப் பிடித்து இழுங்கள்.