ஜூஹு: விமானத் தளம் நிமிர விடாத கடற்கரை

மும்பையில் கடலைப் பார்த்திருக்கும் பேட்டைகள் எல்லாம் வானத்துக்கு ஏறிவிட்டன. வொர்லியில் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துதான் வலித்தது. ஜூஹுவில் அந்தத் தொல்லை இல்லை. தென்னை மரங்களுக்குக் கொஞ்சம் மேலே தலை தூக்கிய கட்டடங்கள், மதில் வைத்த பங்களாக்கள், அவ்வளவுதான். இவ்வளவு விலை போகிற மண்ணில் ஏன் இப்படி என்ற கேள்வியோடுதான் அங்கே சுற்றினேன்.

தாராவியில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். "ஞாயித்துக்கெழம போயிராதல, மண்ணு தெரியாது, ஆளுதான் தெரியும்" என்று சொல்லி, ஒரு வேலை நாளில் அவரே கூட்டிப்போனார். மாஹிமில் ஸ்லோ லோக்கல் ஏறி விலே பார்லேயில் இறங்கி மேற்குப் பக்கம் வந்தோம். ஆட்டோக்காரர் கேட்காமலே மீட்டரைப் போட்டார். சென்னைக்காரனுக்கு அதுவே ஒரு சுற்றுலாக் காட்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூஹு தனித் தீவு. கரையை ஒட்டிக் கிடந்த ஒரு நீளமான மணல் திட்டு. கடல் வற்றும் நேரத்தில் ஓடையில் இறங்கி நடந்தே போய்விடலாமாம். இங்கே கடலோர உல்லாச நகரம் வரும் என்று முதலில் கணக்குப் போட்டவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. 1890களில் நிலம் வாங்கிப் பங்களா கட்டினார். ஜூஹு தாராவில் 1,200 ஏக்கரைச் சீர்செய்து, ஏக்கர் அளவில் 500 மனைகள் போட்டு, ஒரு கடற்கரை ரிசார்ட்டும் அமைப்பது அவர் திட்டம். 1904இல் அவர் இறந்ததும் அது அப்படியே நின்றுபோனது. பங்களாக்கள் மட்டும் ஒவ்வொன்றாக முளைத்தன. 1924இல் எரவாடா சிறைக் கைதியாக இருந்தபோது புனே மருத்துவமனையில் குடல்வால் அறுவை முடிந்து விடுதலையான காந்தி உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்தது இங்கேதான். 1944இலும் சிறையிலிருந்து வந்து இங்கே தங்கினார்.

டாட்டா நினைத்த ரிசார்ட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது விமானத் தளம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டையோடு ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தில் வந்து இறங்கியது இந்த ஜூஹுவில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டு போனார். நம்மூருக்கு வந்த அந்த விமானத் தபால் ஜூஹுவின் சேற்று நிலத்தைத் தொட்டுவிட்டு வந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். மழைக்காலத்தில் அந்தத் தளம் தண்ணீரில் முங்கிவிடும். அப்போதெல்லாம் புனேயிலிருந்துதான் பறக்க வேண்டும்.

பெரிய விமானங்கள் பிறகு பக்கத்துச் சாந்தாகுருஸ் விமான நிலையத்துக்குப் போய்விட்டன. ஆனால் ஜூஹு தளத்தை மூடவில்லை. இப்போதும் நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஹெலிகாப்டர்கள் அங்கிருந்து கிளம்பிக் கடற்கரைக்கு மேலே தடதடத்துப் போகின்றன. இரண்டு தளங்களும் பக்கம் பக்கம், ஓடுதளங்களும் ஏறக்குறைய ஒரே திசை. 1972இல் ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் ஜெட் சாந்தாகுருஸ் என்று நினைத்து ஜூஹுவில் இறங்கி, ஓடுதளம் போதாமல் தாண்டி ஓடி நின்றது. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

என் கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. விமானம் இறங்கும் பாதையில் இஷ்டத்துக்கு மாடி கட்ட முடியாது. இது போதாதென்று ராணுவத்தின் வயர்லெஸ் நிலையம் ஒன்றும் ஜூஹுவில் உண்டு. 1976 அறிவிப்பின்படி அதைச் சுற்றி 500 கஜத்துக்குள் 50 அடிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது. 1991இல் கரையோரம் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் வந்து சேர்ந்தன. ஆக, இந்த அழகு எந்தத் திட்டத்தாலும் வந்ததில்லை. ரசிக்கிற நமக்குச் சரி, உள்ளே பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் இடித்துக் கட்ட வழியில்லாமல் புலம்புகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கடற்கரையில் ஓட்டல்கள் வந்தது 1960களில், சன் அண்ட் சாண்ட் தொடங்கி. மணலில் நின்று பார்த்தால் வரிசையாக மதில், தென்னை, காவலாளி. அந்தப் பக்கம் நீச்சல் குளம். "உள்ள இருக்கவன் கடலப் பாக்கதுக்குக் காசு குடுக்கான், ஒருத்தனாவது கால நனைக்கானா பாரு" என்றார் சித்தப்பா. பார்த்தேன், அலையில் நின்றதெல்லாம் எங்களைப் போல ரயிலில் வந்த கூட்டம்தான். அறைக்கு எவ்வளவு வாங்கினாலும் மணல் பொது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் சௌபாட்டி என்கிற தின்பண்டக் கடைகள் பக்கம் வந்ததும் கடைக்காரர்கள் மெனு கார்டை நீட்டிக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்தார்கள். பாவ் பாஜியில் மிதந்த வெண்ணெயைப் பார்த்துச் சித்தப்பா தன் சுகரை மறந்துவிட்டார். காலா கட்டா கோலா என்கிற, புளிப்புச் சாறு ஊற்றிய ஐஸை உறிஞ்சி இருவர் நாக்கும் ஊதா. சுவை? தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கும், இந்தக் காற்று கிடைக்காது.

போகிறவர்கள் ப்ளூபாட்டில் என்கிற கடலுயிர் வரும் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். ஜெல்லிமீன் போல, நீல நிறத்தில் பலூன் மாதிரி கரையில் ஒதுங்கிக் கிடக்கும், தொட்டால் தீயாய் எரியும். நேரம் மிஞ்சினால் 1978இல் திறந்த பிருத்வி தியேட்டருக்கு நடந்து போங்கள். இந்தி தெரியாத சித்தி கூட அங்கே ஒரு நாடகத்தைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தாராம்.