சத்தத்தை வைத்தே வயதைச் சொல்லலாம்

பதினான்கு வருஷமாகப் பாக்ஸிங் பசங்களுக்கு பேட் பிடிக்கிறேன், அதாவது அவர்கள் குத்திப் பழக உள்ளங்கையில் மெத்தை மாட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறேன். வடசென்னையில் ஷீட் கூரை போட்ட சின்ன ஜிம், மே மாசத்தில் உள்ளே நின்றாலே ஒரு கிலோ குறையும். இத்தனை வருஷத்தில் இடது தோள்பட்டை போனதுதான் மிச்சம் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் பேடில் விழும் குத்தின் சத்தத்தை மட்டும் கேட்டே குத்துகிறவனுக்கு வயது இருபதா நாற்பதா என்று சொல்லிவிடுவேன். (அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கக் கூடாது, மூக்கு போய்விடும்.) இருபது வயதுப் பையன் குத்துவது தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். ஒரே இடைவெளி, ஒரே வேகம். உள்ளங்கை எரியும், ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று மூன்றாவது குத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிடும். நாற்பதைத் தாண்டினவர் ஒன்று போடுவார், இரண்டாவதுக்காக நான் பேடை நீட்டி வைத்திருப்பேன், வராது. சரி, முடித்துவிட்டார் என்று கையைத் தளர்த்துவேன் பாருங்கள், அப்போது வரும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட இரண்டு பேரையும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) இறக்கினேன். பெரியவருக்கு 42 வயது, துறைமுகத்தில் வேலை, ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடியவர், இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வேர்வை சிந்த மட்டும் வருகிறார். பையனுக்கு 20, கை வேகம் அபாரம். பையனிடம் "அண்ணன்டா, பார்த்து மெதுவா அடி" என்று வேறு சொல்லி அனுப்பினேன். அது என் தப்பு, யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு புரிந்தது.

முதல் ரவுண்டில் பையன் பறந்தான். பெரியவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, முன்னங்காலை மட்டும் பையனின் முன்னங்காலுக்கு வெளியே வெளியே வைத்துக்கொண்டே இருந்தார், அரை அடிதான் நகர்வார், அந்த அரை அடியில் பையன் மறுபடி திரும்பி நின்று குறி பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது ரவுண்டில் கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் தன் நெற்றியைப் பையனின் தாடைக்குக் கீழே வைத்துத் தன் எடையை அவன் மேல் சாய்த்தார். பார்க்கிறவர்களுக்கு அவர் களைத்துவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் அவர் அங்கே ஓய்வெடுத்தார், பையன் இரண்டு பேரின் எடையைச் சுமந்துகொண்டிருந்தான். மூன்றாவதில் நாலே நாலு குத்து, நாலும் விழுந்தது. பேண்டேஜைக் கழற்றிக்கொண்டே பையன் என்னிடம், "மாஸ்டர், அண்ணன் அடிக்கவே இல்ல, நான்தான் சும்மா சும்மா டயர்டாயிட்டேன்" என்றான்.

1994 நவம்பர் 5ஆம் தேதி லாஸ் வேகாஸில் அப்போதைய உலக சாம்பியன் மைக்கேல் மூரரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருக்கலாம். அவருக்கு 26 வயது, தோல்வியே கிடையாது. எதிரில் ஜார்ஜ் ஃபோர்மன், 45 வயது, இருபது வருஷத்துக்கு முன்னால் ஜயரில் (இன்றைய காங்கோ) முகமது அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசர். ஒன்பது ரவுண்டு வரைக்கும் மூரர்தான் முன்னிலை. பார்க்கச் சலிப்பாகக்கூட இருக்கும், ஃபோர்மன் முன்கையால் நேராகப் போடும் ஜாபைத் தள்ளிக்கொண்டே மெதுவாக நடப்பார், அவ்வளவுதான். மூரரின் கார்னரில் பயிற்சியாளர் டெடி அட்லஸ், ஃபோர்மன் முன்னால் நிற்காதே, நகரு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்பது ரவுண்டு ஒருவர் உங்களை ஒன்றும் செய்யாவிட்டால் அவர் முன்னால் நிற்பது பழகிவிடும். பத்தாவது ரவுண்டில் ஒரு குட்டை வலது கைக் குத்து, மூரர் விழுந்தார், 45 வயதில் ஃபோர்மன் மறுபடி உலக சாம்பியன். அந்த வீடியோவை எங்கள் பசங்களுக்குப் போட்டால் கடைசிக் குத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த ஒன்பது ரவுண்டைப் பாருங்கடா என்றால் போனை எடுத்துவிடுவார்கள்.

அனுபவம் அனுபவம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ராய் ஜோன்ஸுக்கு அனுபவம் இல்லையா? 1993இல் பெர்னார்ட் ஹாப்கின்ஸை வென்றவர், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தாடையை நீட்டிக் காட்டி, வரும் குத்தைக் கண்ணால் பார்த்து ஒதுங்கிய மனிதர். 35 வயதில் அந்த ஒதுங்கல் துளி தாமதமானது. 2004இல் ஆன்டோனியோ டார்வர் இரண்டாவது ரவுண்டிலேயே படுக்க வைத்தார். அதே டார்வரை இரண்டு வருஷம் கழித்து, ஜோன்ஸைவிட நாலு வயது பெரியவரான ஹாப்கின்ஸ் 41 வயதில் வென்றார். ஹாப்கின்ஸிடம் ஜோன்ஸின் வேகம் ஒருநாளும் இருந்ததில்லை, அதனால் அது போனபோது அவருக்கு இழப்பும் இல்லை. கால், தூரம், கட்டிப்பிடி, எதிராளியின் தாளத்தைக் கெடுப்பது, இவ்வளவுதான் அவர் கைமுதல். 2011இல் மான்ட்ரியாலில், 46 வயதில், 28 வயது ஜான் பாஸ்கலோடு ஆடும்போது ஏழாவது ரவுண்டுக்கு முன்னால், பாஸ்கல் எழுந்து வருவதற்குள் ரிங்கிலேயே தண்டால் எடுத்தார் மனிதர்! வம்புதான், ஆனால் களைத்து உட்கார்ந்திருக்கிற இளைஞனுக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும். அன்று அவர் வென்றதில், அதிக வயதில் உலகப் பட்டம் வென்றவர் என்ற ஃபோர்மனின் சாதனையும் உடைந்தது.

இன்னொன்று, நேரம். என் பசங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிஷம். ஒன்பது நிமிஷத்தை நுரையீரலை வைத்தே ஓட்டிவிடலாம், அதில் 35 தாண்டி மேரி கோம் 2018இல் டெல்லியில் 22 வயதுப் பெண்ணை வென்று ஆறாவது உலகத் தங்கம் வாங்கியதெல்லாம் தனிக்கதை. தொழில்முறையில் பட்டத்துக்கு 12 ரவுண்டு, 36 நிமிஷம். அதில் எங்கே சும்மா இருப்பது என்று தெரியாதவன் எட்டாவது ரவுண்டுக்கு மேல் காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பான்.

இளைஞர்கள் அதைக் கற்கும் வழியையும் வியாபாரம் அடைத்து வைத்திருக்கிறது. அந்தக் காலத்துச் சாம்பியன் ஆர்ச்சி மூர் 180க்கு மேல் ஆட்டம் ஆடியவர். (பிறந்தது 1913ஆ 1916ஆ என்று அவருக்கும் அவர் அம்மாவுக்குமே ஒத்துப்போகவில்லை.) 1958இல் இவான் டுரெல் முதல் ரவுண்டில் மூன்று தடவை விழ வைத்தும், எழுந்து பதினொன்றாவது ரவுண்டில் முடித்தார். விழுந்தால் என்ன செய்வது என்பது அவருக்குப் பழகின வேலை. இன்று நம்பிக்கை நட்சத்திரம் என்று ஒரு பையனைக் கொண்டுவந்தால் தோல்வி இல்லாத அவன் கணக்குதான் சரக்கு, அதில் கீறல் விழக் கூடாது என்று சுலபமான ஆட்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள். சிக்கலையே பார்க்காமல் வளர்ந்தவன் பட்ட ஆட்டத்துக்கு வந்து, எதிரில் எல்லாச் சிக்கலையும் பார்த்த ஒருவர் நிற்கும்போது முழிக்கிறான். 2025 ஜூலையில் வெம்ப்ளியில் 38 வயது உசிக், 27 வயது டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் முடித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனாலும் இதையெல்லாம் பேசும்போது ஒரு உறுத்தல் உண்டு. நம் கண்ணில் படுவது மிஞ்சினவர்கள் மட்டும்தான். 1980இல் 38 வயது அலி லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு வாங்கிக்கொண்டு நின்றதை நான் முழுசாகப் பார்க்க முடியாமல் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். எடை குறையக் குறைய வயதின் கெடுவும் சீக்கிரம் வரும், ஹெவிவெயிட்டில் கனம் காப்பாற்றும், ஃப்ளைவெயிட்டில் 45 வயது சாம்பியன் என்பதெல்லாம் நடக்காத காரியம். என் ஜிம்மிலேயே முப்பது வயதில் கை நடுங்க ஆரம்பித்து, சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்தின இருவர் உண்டு. அவர்களை யாரும் வீடியோ போட்டுப் பார்ப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பெரியவர் பத்து நாள் வரவில்லை. போன் பண்ணினேன். "ஒண்ணுமில்ல மாஸ்டர், வலது தோள் தூக்க முடியல, சட்டை பட்டன் போடறதுக்கே வீட்டுக்காரிதான். பையன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். பையன் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே வந்து, அண்ணன் வந்தாச்சா, இன்னொரு மூணு ரவுண்டு போடலாமா என்று கேட்டுவிட்டு, கயிற்றை எடுத்துக் குதிக்க ஆரம்பித்திருந்தான்.