கம்பத்துல போட்ட ஸ்பீடு போஸ்ட் கொச்சி சுத்தி குமுளி வந்த கதை

தங்கச்சியோட டிகிரி சர்டிபிகேட் கம்பத்துல மாமா வீட்ல இருந்துச்சு, இங்க குமுளில வேலைக்கு ஒரிஜினல் கேட்டுட்டாங்க. மாமாவுக்கு முட்டி வலி, பஸ் ஏறி மேல வர முடியல, அதனால ஸ்பீடு போஸ்ட்ல போட்டுட்டு ரசீதை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிட்டாரு. ரசீதுல இருக்க நம்பர் முன்னாடி ரெண்டு எழுத்து, நடுவுல 9 நம்பர், கடைசில ஐஎன், மொத்தம் 13, கவர் எங்க இருக்குன்னு நெட்ல ட்ராக் பண்ண அத அப்படியே முழுசா அடிக்கணும்.

மொதல்ல ஐட்டம் புக்டு, அப்புறம் பேக்டு, டிஸ்பேட்ச்டு, அதோட ஒண்ணுமே இல்ல. தங்கச்சி அழுகாத குறை. அப்புறம் பாத்தா மதுரைன்னு காட்டுது, அடுத்து கொச்சி! கம்பத்துல இருந்து மலைப்பாதை ஏறுனா குமுளி வந்துருமே, இது எதுக்கு கடல் பக்கம் போகுதுன்னு எனக்கே பகீர்னு ஆயிருச்சு.

போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல இருந்த சேச்சி தான் பொறுமையா சொன்னாங்க. தபாலுக்கு ரோடு தூரம் கணக்கு இல்ல, பின்கோடு தான் கணக்கு. கம்பம் 625516, குமுளி 685509, முன்னது தமிழ்நாடு சர்க்கிள், பின்னது கேரளா சர்க்கிள் (தபால் துறையோட மாநிலப் பிரிவு), அதனால அந்தப் பக்கத்து சார்ட்டிங் ஹப்ல, அதாவது தபால் பிரிக்கிற பெரிய ஆபீஸ்ல, பிரிச்சு இந்தப் பக்கத்து ஹப்புக்கு வந்து தான் நம்ம ஆபீசுக்கு இறங்கும். பேக்டுனா பைக்குள்ள போட்டாச்சு, அதுக்கப்புறம் ஸ்கேன் ஆகுறது பை தான், உள்ள இருக்க நம்ம கவரை பையைத் திறக்குற எடத்துல தான் திரும்ப ஸ்கேன் பண்ணுவாங்க, நடுவுல அமைதியா இருந்தா தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. அதுல இருந்து நான் ஸ்டேட்டஸ விட பக்கத்துல எந்த ஆபீஸ் பேரு இருக்குன்னு தான் மொதல்ல பாப்பேன், அது நம்மள நோக்கி நகந்தா போதும்.

கடைசில அவுட் ஃபார் டெலிவரி வந்த அன்னைக்கு எல்லாரும் ஏலத்தோட்டத்துல, சாயங்காலம் பாத்தா டோர் லாக்டு. இது வந்தா சும்மா இருக்காதீங்க, கொஞ்ச நாள் வச்சுருந்து அனுப்புனவங்களுக்கே திருப்பிருவாங்க. மறுநாள் காலைல ஆதாரும் ஸ்பீடு போஸ்ட் நம்பரும் எடுத்துட்டு போஸ்ட் ஆபீசுக்கு தங்கச்சிய கூட்டிட்டுப் போனேன், கையெழுத்து போட்டு வாங்கிட்டா, அப்ப தான் அவ மொகத்துல சிரிப்பே வந்துச்சு.

எங்க பக்கம் லயத்துல (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கவங்க அட்ரஸ்ல எஸ்டேட் பேரு, டிவிஷன் பேரு, போன் நம்பர் மூணையும் கவர் மேல எழுதச் சொல்லுங்க, வீடு பூட்டியிருந்தா போஸ்ட்மேன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாம்.