கிணற்றில் கயாக்: ஆறாவது ஞாயிறு

கயாக் என்பது இருமுனைத் துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு. அதில் உட்கார்ந்தபடியே கவிழ்ந்து நிமிரப் பழகுகிறேன். இந்த வாரக் கணக்கு: 23 முறை கவிழ்ந்தேன், 4 முறை நிமிர்ந்தேன். போன வாரம் ஒன்றுகூடத் தேறவில்லை, அதனால் இந்த முறை வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வண்டி ஓட்டினேன்.

சேலத்துக்காரனுக்குக் கடல் கயாக் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்கு 200 கிலோமீட்டர் போகவேண்டும். ஏற்காடு ஏரியில் படகுச் சவாரிக்காரர்களுக்கு நடுவே ஒருத்தன் திரும்பத் திரும்பத் தலைகீழாகத் தொங்கினால் கரையில் கூட்டம் கூடிவிடும். கடைசியில் கைகொடுத்தது குப்பனூர் பக்கம் மாமா தோட்டத்துக் கிணறுதான். நல்ல அகலமான சதுரக் கிணறு, ஒரு பக்கம் படிக்கட்டு, மழை முடிந்த கையோடு தண்ணீர் மேலேயே நிற்கிறது. கடல் கயாக் என்றால் 16, 17 அடி இருக்கும், உள்ளே திரும்பவே முடியாது. என்னுடையது யாரோ கழித்துவிட்ட 9 அடி பிளாஸ்டிக் கயாக். இரண்டு கயிறு கட்டி இறக்குவோம். முதல் வாரம் பின்பக்கத்து வடிகால் மூடியைப் போட மறந்து இறக்கி, பாதி கிணற்றுத் தண்ணீரை மேலே இழுத்த கதை தனி.

சரி, ரோல், அதாவது கவிழ்ந்த கயாக்கை விட்டு வெளியே வராமலே நிமிர்வது. கவிழ்ந்ததும் முன்னால் குனிந்து, துடுப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து அரைவட்டமாக வீச வேண்டும். அந்த வீச்சில் துடுப்புக்கு ஒரு கணம் பிடிமானம் கிடைக்கும், அந்தக் கணத்துக்குள் இடுப்பை வெடுக்கென்று அசைத்து முழங்காலால் படகைத் திருப்பிவிட வேண்டும். தலை கடைசியில்தான் வெளியே வரலாம். இது எனக்கு மனப்பாடம், ஆனால் மூக்கில் தண்ணீர் ஏறியதும் தலை தானாக மேலே போகிறது, படகு பழையபடி கவிழ்கிறது. படியில் உட்கார்ந்து வேப்பங்குச்சியோடு பார்த்துக்கொண்டிருந்த மாமாதான் பிடித்தார்: "மாப்ள, நீ மூச்சுக்கு அவசரப்படுற. படகை முதல்ல எழுப்பு, மூச்சு தானா வரும்." அவர் கயாக்கில் உட்கார்ந்ததே இல்லை. அடுத்த முறை கன்னத்தைத் தோளோடு ஒட்டி வைத்துக்கொண்டேன், எழுந்துவிட்டேன்.

ரோல் வராத 19 முறையும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (இடுப்பைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் உள்ளே வராமல் கயாக்கின் வாயை மூடும் துணி) பட்டையை இழுத்துக் கழன்று வெளியே வந்ததுதான். அப்புறம் துடுப்பின் ஒரு முனையில் மிதவை கட்டி, மறுமுனையைக் காக்பிட்டுக்கு, அதாவது உட்காரும் குழிக்குப் பின்னால் அழுத்தி, அதன் மேல் காலைப் போட்டு ஏறுவது. மிதவை வாங்கவில்லை, மூடி இறுக்கிய 5 லிட்டர் எண்ணெய் கேன், தாங்குகிறது.

கடல் கயாக் செய்திகளைத் தேடிப் படிக்கும்போது இந்த மிதவையை எளிதாக நினைக்கத் தோன்றுவதில்லை. ஜெர்மன் கயாக் வீராங்கனை ஃப்ரேயா ஹாஃப்மைஸ்டர் 2009-இல் ஆஸ்திரேலியாவைக் கயாக்கில் 332 நாளில் சுற்றி முடித்தார். அதே சுற்றுக்கு 1982-இல் நியூசிலாந்துக்காரர் பால் காஃபின் எடுத்துக்கொண்டது 360 நாள். வடக்கே கார்பென்டேரியா வளைகுடாவில் ஃப்ரேயா கரையை ஒட்டிப் போகாமல் நேராகக் குறுக்கே போனார், இரவில் தூங்கியதும் கயாக்கிலேயேதான். நான் ஒரு மணி நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறேன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஆஸ்கர் ஸ்பெக் கதை. 1932-இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் மடக்குக் கயாக்கைத் தன்யூப் ஆற்றில் இறக்கியவர், இந்தியக் கரையோரமாகவும் துடுப்புப் போட்டு 1939-இல் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவைத் தொட்டார். அதற்குள் போர் வந்துவிட்டது, ஜெர்மன்காரர் என்று பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள். 2011 முதல் 2016 வரை ஆஸ்திரேலியப் பெண் சாண்டி ராப்சன் அதே வழியில் கயாக்கில் போய் முடித்தார். ஊல்ம் நகருக்கும் கடல் பக்கத்தில் இல்லை என்பதை மாமாவிடம் சொன்னேன். "அங்க ஆறு இருக்குல்ல" என்றார்.

ஏப்ரலில் கிணறு இறங்கிவிடும், அதற்குள் பத்துக்கு ஐந்தாவது நிமிர வேண்டும். அடுத்த ஞாயிறு தக்காளிக்குத் தண்ணீர் விடும் முறை, எட்டு மணிக்கு மாமா மோட்டார் போட்டுவிடுவார். ஆறு மணிக்கே இறங்கியாக வேண்டும், அந்தக் குளிரில்.