கொள்ளிடக் கரைக் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில்

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் திருவையாறு தாண்டினால் கொள்ளிடப் பாலம் வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் திருமானூர். அங்கிருந்து ஏலாக்குறிச்சிக்குச் சாலை பிரிகிறது. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிப் பாடிய ஊர் அது. வருகிறவர்கள் அநேகமாக அடைக்கல மாதா கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் போனது அந்த வட்டாரத்தில் உள்ள ஒரு சின்னக் கிராமத்துக் கோவிலுக்கு. ஓட்டுக் கூரை, ஒரே மணி, நீலம் கலந்த சுண்ணாம்புச் சுவர். நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும்.

டிசம்பர் மூன்றாம் வாரம். வயலெல்லாம் சம்பா பச்சை. தெருவில் ஒரு வீட்டு வாசலில் மார்கழிக் கோலமும் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூவும். பக்கத்து வீட்டுத் திண்ணையில் மூங்கில் சிம்பு கட்டி வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரம். கோவில் முகப்பில் தொங்கியதும் அப்படி ஊர்ப் பையன்கள் செய்ததுதான். கடையில் பிளாஸ்டிக் ஸ்டார் மலிவாகக் கிடைக்கிறது, ஆனாலும் கோவிலுக்கு மட்டும் கையால் செய்வது என்று வைத்திருக்கிறார்கள். யாக்கோபிலிருந்து ஒரு விண்மீன் உதிக்கும் என்று பைபிளின் எண்ணிக்கை நூலில் வருகிறது. கீழ்த்திசை ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீனை மத்தேயு சொல்கிறார். இருட்டிய பிறகு வரப்பு வழியாக நடந்து வந்தபோது, தூரத்தில் தெரிந்த வெளிச்சம் அந்த நட்சத்திரம் ஒன்றுதான். அதைப் பார்த்தே கோவிலுக்கு வந்து சேர்ந்தேன்.

உள்ளே பீடத்தின் அருகே திருவருகைக் கால மலர்வளையம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காத்திருப்புக் காலம் அது. சவுக்குத் தழையைச் சுற்றிக் கட்டி நான்கு மெழுகுதிரி. மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ஊதாத் திரி கிடைக்காததால் வெள்ளைத் திரியின் அடியில் ஊதாத்தாள் சுற்றியிருந்தார்கள். ஊதா தவத்தின் நிறம், காத்திருப்பின் நிறம். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு என்பதால் அதற்கு மட்டும் ரோஜா. இந்த வழக்கம் ஜெர்மனியின் ஹம்பர்க்கில், விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடத்திய இல்லத்தில் 1839இல் தொடங்கியது. கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக, பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் திரிகளை நட்டு நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் அவர்.

அப்புறம் குடில், இயேசு பிறந்த தொழுவத்தின் சின்ன வடிவம். என்னை அங்கே நெடுநேரம் உட்கார வைத்தது அதுதான்.

பழுப்புத்தாளைக் கசக்கி வண்ணம் அடித்த மலை, பனையோலைக் கூரை, தரையில் வைக்கோல். ஒரு ஓரத்தில் மாட்டுச் சுரூபம். உள்ளூர்க் கைவேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. உயர்ந்த திமில், கழுத்தில் மணிக்கயிறு, கொம்பு நுனியில் சிவப்பு வண்ணம். எதிரே கழுதை. லூக்காவும் மத்தேயுவும் எழுதிய பிறப்பு வரலாற்றில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. அவை எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தவை. மாடு தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் எஜமானின் தீவனத் தொட்டியை அறியும், என் மக்களோ அறியவில்லை என்று இறைவன் வருந்தும் இடம் அது. இந்த இரண்டு பிராணிகளுக்கும் உள்ள பழமை வியப்பானது. 4ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பேழைச் சிற்பங்கள் சிலவற்றில் மரியாளும் அவர் கணவர் சூசையப்பரும் கூட இல்லை. குழந்தையும் மாடும் கழுதையும் மட்டுமே இருக்கிறார்கள். வைக்கோலை யார் முதலில் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று மாடு வளர்க்கும் ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மலையடிவாரத்தில் மண்சட்டிகளில் நெல்லும் கேழ்வரகும் வெந்தயமும் முளைத்து நின்றன. பிள்ளைகள் பத்து நாளைக்கு முன்பு விதைத்ததாம். குனிந்து பார்த்தால் ஈரமண் வாசனை. வெந்தய முளைகள் சிலவற்றின் தலையில் விதைத்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தாவீது அரசரின் தந்தை ஈசாய் என்னும் அடிமரத்திலிருந்து தளிர் துளிர்க்கும் என்பது எசாயாவின் வாக்கு. மண்ணில் விழுந்து மடிகிற மணிதான் பலன் தரும் என்பது யோவான் நற்செய்தி. பக்கத்தில் நிற்கும் சூசையப்பரின் கையிலும் பூத்த கோல். வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணியின் நாயகனாக்கியது இந்தச் சூசையப்பரைத்தான். ஆக, தளிர்க்கிற ஒன்று அந்தக் குடிலில் எங்கே பார்த்தாலும் இருந்தது. சாவின் அடையாளமும் அங்கேயே உண்டு. இடையன் தோளில் ஓர் ஆட்டுக்குட்டி, குடிலுக்கு மேலே சுவரில் சிலுவையில் அறைந்த இயேசுவின் பாடுபட்ட சுரூபம். ஞானிகள் கொண்டுவருகிற வெள்ளைப்போளமும் அடக்கத்துக்குப் பயன்படும் பொருள்தான்.

எல்லாம் இருந்தும் நடுவில் தீவனத் தொட்டி காலியாக இருந்தது. ஊரில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஐயாவிடம் கேட்டேன். "இப்பவே வச்சிட்டா அப்புறம் எதுக்குத் தம்பி காத்திருக்கணும்?" என்றார். குழந்தை சுரூபம் வெள்ளைத் துணியில் சுற்றி, பூசைப் பொருள்கள் வைக்கும் அறையான சக்ரீஸ்துவில் இருக்கிறது, 24ஆம் தேதி இரவுதான் வெளியே வரும். அந்தக் கோவிலில் இருந்த அலங்காரங்களிலேயே இந்தக் காலித் தொட்டிதான் சிறந்தது என்பேன். நகரத்துக் கடைகளில் டிசம்பர் தொடங்கும்போதே குழந்தையோடு குடில் வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எதிர்பார்க்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

24ஆம் தேதி இரவு மறுபடி போனேன். திருவருகைக் கால ஞாயிறுகளில் பாடாமல் வைத்திருந்த வானவர் கீதத்தைத் தொடங்கியதும் மணி அடித்தது, சீரியல் செட் எல்லாம் ஒன்றாக எரிந்தது. சாமியார் குழந்தையைக் கொண்டுவந்து தொட்டியில் கிடத்தினார். பிறகு சில அடி தள்ளி, பீடத்தில் அப்பமும் திராட்சை ரசமும். தீவனம் வைக்கும் இடத்தில் கிடத்தப்பட்டவரே உணவாகிறார் என்ற விசுவாசத்தை அந்தச் சில அடி தூரமே சொல்லிவிடுகிறது. 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது சுரூபங்களே வைக்கவில்லை. உயிருள்ள மாடும் கழுதையும், தொட்டியில் வைக்கோலும். அந்தத் தொட்டியின் மேல்தான் பூசை நடந்தது. அந்த வைக்கோலைத் தின்ற நோயுற்ற கால்நடைகள் குணமானதாக அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். இந்த ஊரிலும் குடில் பிரித்த பிறகு வைக்கோலை ஆளுக்கொரு பிடி தொழுவத்துக்கு எடுத்துப் போவார்கள் என்று உபதேசியார் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது.

ஞானிகளான மூன்று ராஜாக்கள் அன்றைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவர்களைக் கோவில் கதவருகே ஒரு ஸ்டூலில் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் குழந்தையைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சித் திருநாள்வரை பிள்ளைகள் நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போவார்களாம். மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூன்றானார்கள்.

போக நினைப்பவர்கள் 24க்கு முன்னால் ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை போங்கள். திருமானூரிலிருந்து உள்ளே போகும் பேருந்துகள் குறைவு, இரு சக்கர வண்டி இருந்தால் வசதி. காலையில் பனி அதிகம், எட்டு மணிக்கு மேல் கிளம்புவது நல்லது. பூசை நேரத்தில் மட்டும் படம் எடுக்க வேண்டாம். முடிந்த பிறகு கேட்டால் சந்தோஷமாகக் காட்டுகிறார்கள்.