முழங்கைக் கணக்கு

30 செப்டம்பர் 2024, திங்கள்

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்றுதான் முதல் லேப் வகுப்பு. டென்னிஸ் பந்தை மேலேயிருந்து விட வேண்டும், எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். 254 சென்டிமீட்டர், அதாவது சரியாக 100 அங்குல உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால் 135-க்கும் 147-க்கும் நடுவில் எழும்ப வேண்டும். அதற்குள் நிற்காத பந்து போட்டிக்கு ஆகாது. எழுந்த உயரத்தை விட்ட உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தோம். நல்ல பந்துக்கு 0.73-லிருந்து 0.76 வரை வருகிறது. தரையில் மோதிய வேகத்தில் முக்கால் பங்குதான் திரும்பி வருகிறது என்று அர்த்தம். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்த பந்தையும் விட்டுப் பார்த்தோம். செத்த மாதிரி எழுந்தது.

கோவையில் பம்ப்செட் கம்பெனியில் மூன்று வருடம் இம்பெல்லர் வரைந்துகொண்டிருந்தவள் நான். வேலையை விடுகிறேன் என்றதும் அத்தை கேட்டது: "பி.டி. டீச்சர் படிப்புக்கு எதுக்குடி லண்டன் போகணும்?" விளையாட்டுப் பொறியியல் என்று சொன்னால் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. அப்பா மட்டும், "பந்து ஏன் அப்படிப் போகுதுன்னு படிக்கிறாளாம்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

17 அக்டோபர் 2024, வியாழன்

டிராமில் அட்டர்கிளிஃப் பக்கம் போய்வந்தேன். ஒருகாலத்தில் இரும்பு ஆலைகள் நெருங்கிக் கிடந்த இடம். டான் வேலி ஸ்டேடியம் இங்கேதான் இருந்தது. 1991 உலக மாணவர் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. தடகள வீராங்கனை ஜெசிகா என்னிஸ் பயிற்சி எடுத்த தடம். 2012-ல் அவர் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், மறு வருடமே ஸ்டேடியத்தை மூடிவிட்டார்கள். அந்த நிலத்தில் இப்போது ஒலிம்பிக் லெகஸி பார்க். விளையாட்டு ஆய்வுக்கூடங்களும் அங்கே வந்திருக்கின்றன. விளையாட்டுப் பொறியியலுக்கென்று 1996-ல் நடந்த முதல் சர்வதேச மாநாடும் இந்த ஊரில்தான். உருக்கைச் சோதித்துப் பழகிய ஊர் டென்னிஸ் மட்டையையும் ஷூவையும் சோதிக்க இறங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். மழை. குடையை டிராமிலேயே விட்டுவிட்டேன்.

21 நவம்பர் 2024, வியாழன்

இன்றைய வகுப்பு ஈட்டி. 1984-ல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். அப்படியே போனால் ஈட்டி மைதானத்தைத் தாண்டி ஓடுதளத்தில் நிற்பவர்கள் மேல் விழும். அதோடு ஈட்டி முனை குத்தாமல் படுத்த வாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது, எறிதல் செல்லுமா செல்லாதா என்று தினமும் சண்டை. 1986-ல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினார்கள். முனை முன்னதாகவே கவிழ ஆரம்பித்தது, தூரம் குறைந்தது. புதிய ஈட்டியின் முதல் உலக சாதனை 85.74 மீட்டர்.

அந்த நான்கு சென்டிமீட்டரை நான் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். எறிகிற கை அதே கைதான். விதிப் புத்தகத்தில் ஒரு வரி மாறியதும் கிட்டத்தட்ட இருபது மீட்டர் காணாமல் போனது.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். வாடகை வீட்டு அடுப்பில் குக்கர் பொங்கல்தான். வெல்லம் லெஸ்டரிலிருந்து ஒரு தோழி கொண்டுவந்தாள். சாயங்காலம் அப்பா அழைத்தார்.

"சாப்டியா பாப்பா? பிராஜெக்ட் என்ன எடுத்திருக்க?"

"முழங்கைப்பா. பௌலிங் போடறப்ப முழங்கை எவ்வளவு நீளுதுன்னு அளக்கிறது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரிம்மா. எடு" என்றார்.

இதை எழுதாமல் மேற்கொண்டு எழுத முடியாது. பதினைந்து வயதில் நான் கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்தேன். கரூரில் பையன்களோடு போட்டுப் பழகிய கை. ஒரு தேர்வு முகாமில் ஸ்கொயர் லெக்கில், அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பக்கவாட்டில், நின்றவர் மூன்றாவது பந்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "மாங்கா அடிக்கிற பொண்ணு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பந்து போடாமல், முழங்கையை மடக்கி நீட்டி எறிகிறவர்களை எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொல்வோம், நானே எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன். அப்பா வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் பந்து போடவில்லை.

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

இரண்டு வாரமாக இலங்கைச் சுழல் பந்து வீச்சாளர் முரளிதரனைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். முரளி பந்தை எறிகிறார் என்று அம்பயர் டாரல் ஹேர் மூன்று ஓவரில் ஏழு முறை நோபால் கொடுத்தார். பெர்த்தில் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முரளியின் கையை அளந்தார்கள். அவருக்குப் பிறவியிலேயே முழங்கை முழுசாக நீளாது. மடங்கியே இருக்கும் கை தோளிலிருந்து வேகமாகச் சுழலும்போது பார்ப்பவர் கண்ணுக்கு அது நீள்வதாகத் தெரிகிறது. 2004-ல் தூஸ்ராவுக்காக (ஆஃப் ஸ்பின் மாதிரியே போட்டு எதிர்ப்பக்கம் திருப்பும் பந்து) மறுபடியும் அதே இடத்தில் சோதனை. முழங்கை நீள அப்போதைய வரம்பு சுழல் பந்துக்கு 5 டிகிரி, வேகப்பந்துக்கு 10. முரளியின் தூஸ்ராவுக்கு 14 டிகிரி அளவில் வந்தது, திருத்தப் பயிற்சிக்குப் பிறகு 10-க்கு இறங்கியது.

அதே சமயத்தில் மற்றவர்களையும் அதிவேக கேமராவில் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. துளிக்கூட முழங்கை நீளாமல் பந்து போடுகிறவர்கள் அநேகமாக இல்லை. நல்ல ஆக்‌ஷன் என்று பேர் வாங்கியவர்களுக்கும் பழைய வரம்பைத் தாண்டிய எண்கள் வந்தன. 2005 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் 15 டிகிரி. மேல்கை கிடைமட்டத்துக்கு வந்த நொடியிலிருந்து பந்து கையை விடும் வரை முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பதே கணக்கு. நேர்க்கோட்டையும் தாண்டிப் பின்பக்கம் வளைவது அதில் சேராது.

முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வருகிறது. அளக்காமலே போட்ட வரம்பை அளந்த பிறகு மாற்றினார்கள். அதே 2004-ல் முரளி ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக, கையை நீட்ட முடியாதபடி எஃகுக் கம்பி வைத்த கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு எல்லா வகைப் பந்தும் போட்டுக் காட்டினார். அந்த வயதில், அத்தனை விக்கெட் எடுத்த பிறகு, தன் கையைக் கூண்டில் அடைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தக் காட்சியை நான்கு முறை பார்த்தேன். ஐந்தாவது முறை பார்க்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு 2014-லேயே சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐ.சி.சி.) அங்கீகாரம் கிடைத்துவிட்டது. கரூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ். அது சர்வதேச ஆட்டக்காரர்களுக்கான இடம், என்னைப் போன்றவளை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள், தெரியும். ஆனாலும் அளக்க முடிகிற விஷயம் என்பதாவது எங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

13 பிப்ரவரி 2025, வியாழன்

முறையைச் சரிபார்க்க முதல் ஆள் நானே. மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கையில்லாத பனியனில் பன்னிரண்டு கேமராவுக்கு நடுவே நடுங்கிக்கொண்டு நின்றேன். தோளில், முழங்கையின் இரண்டு பக்க எலும்பில், மணிக்கட்டின் இரண்டு பக்கத்தில் ஒளி திருப்பும் சின்னச் சின்ன உருண்டைகள். மேல்கையிலும் முன்கையிலும் நான்கு நான்காகத் தகடுகள். லேப் பார்ட்னர் இரட்டைப் பக்க டேப்பை வெட்டி வெட்டி ஒட்டினாள்.

முதலில் சும்மா நிற்க வேண்டும், உள்ளங்கை முன்னால் பார்க்க. திரையில் பார்த்தேன். என் முன்கை மேல்கையின் நேரே இறங்கவில்லை, வெளிப்பக்கமாக 17 டிகிரி விலகி நிற்கிறது. எல்லோருக்குமே கொஞ்சம் இருக்கும், பெண்களுக்குச் சராசரியாகக் கூடுதல், எனக்கு அதிலும் கூடுதல். கை சுற்றிவரும்போது இந்த விலகல் ஒரு கோணத்தில் மடக்கு மாதிரியும் மறு கோணத்தில் நேர் மாதிரியும் தெரியும். ஸ்கொயர் லெக்கில் நின்று பார்த்தால் முழங்கை நீண்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பத்து வருடம் கழித்துப் பந்து போட்டேன். முதல் பந்து வலையின் மேல் கம்பியில் போய் அடித்தது. ஆறாவது பந்து திரும்பியது. பார்ட்னர் கைதட்டினாள். ஒன்பதாவது பந்தில் வியர்வையில் மணிக்கட்டு உருண்டை கழன்று ஓடிவிட்டது, அதுவரை போட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தோம். மொத்தம் 24 பந்து.

6 மார்ச் 2025, வியாழன்

எண்கள் வந்துவிட்டன.

தோள், முழங்கை, மணிக்கட்டு, மூன்று புள்ளியைக் கோட்டால் இணைத்துக் கோணம் எடுத்தால் சராசரி 16 டிகிரி. வரம்புக்கு மேல். அந்தக் கோணத்தில் வெளிவிலகலும் மடக்கும் ஒன்றாகக் கலந்து வருகிறது. தகடுகளை வைத்து, முழங்கையின் அச்சைத் தனியாக வரையறுத்து, மடக்கை மட்டும் பிரித்தெடுத்தால் 10. வரம்புக்குக் கீழ். பந்து அதே பந்து, நொடி அதே நொடி.

அதோடும் முடியவில்லை. தசை குலுங்கும்போது தோலோடு சேர்ந்து உருண்டையும் நகரும், எலும்பு அங்கே இருக்காது. அந்த நடுக்கத்தை வடிகட்ட ஃபில்டர் போட வேண்டும். எந்த அலைவெண்ணில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு டிகிரி ஏறி இறங்குகிறது. பந்து எந்த ஃபிரேமில் கையை விட்டது என்பதில் ஒரு ஃபிரேம் தவறினால் இன்னும் ஒன்று. கை கிடைமட்டத்திலிருந்து பந்தை விடும் வரை ஆகிற நேரம் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு. எங்கள் கேமரா நொடிக்கு 250 படம் எடுப்பதால் எனக்கு 25 படம் கிடைக்கிறது. நொடிக்கு 25 படம் ஓடும் டி.வி.யில் இரண்டு அல்லது மூன்று. மனிதக் கண்ணுக்கு என்ன கிடைக்கும்?

மேற்பார்வையாளர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். எது சரி என்று நினைக்கிறாய் என்று கேட்டார். இரண்டாவது என்றேன். உன் கை என்பதாலா என்று கேட்டார். சுருக்கென்றது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. வேறொருவர் கைக்கு 16, 10 என்று வந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று லைப்ரரியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வெளிவிலகலை நீட்டலாக எண்ணுவது யார் கையில் என்றாலும் பிழைதான். இரண்டாவதேதான். காரணத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன்.

"பத்துதானா? அப்ப அன்னிக்கு அவர் சொன்னது தப்புதானே பாப்பா?"

"தெரியலப்பா. இது இப்ப இருக்கற கை. அன்னிக்குப் போட்ட பந்தை யாரும் படம் எடுக்கல."

அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான். ஆனால் அந்த மூன்று பந்தைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, எவ்வளவு ஆசைப்பட்டாலும்.

19 மார்ச் 2025, புதன்

உள்ளூர் கிளப்பிலிருந்து முதல் பௌலர் வந்தாள். பதினெட்டு வயது, லெக் ஸ்பின். யாரோ அவள் ஆக்‌ஷனைப் பற்றி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், கையை நீட்டும்போதே தயங்கினாள். டேப்பை நானே ஒட்டினேன். முழங்கை எலும்பைத் தொட்டுத் தேடி, இரண்டு முறை அளந்து, மறுபடி அளந்து. 24 பந்து முடிந்ததும் திரைப் பக்கம் எட்டிப் பார்த்து, எத்தனை டிகிரி என்று கேட்டாள். திரையில் மூன்று புள்ளிக் கோணம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தேன். கணக்குப் போட ஒரு வாரம் ஆகும், முடிந்ததும் எப்படிக் கணக்கிட்டேன் என்பதோடு சேர்த்துச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டினாள். ஏழாவது பந்தில் ஒரு தகடு லேசாக நகர்ந்திருந்தது போல எனக்குச் சந்தேகம். இன்னும் ஆறு பந்து போட முடியுமா என்று கேட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து போட்டாள்.