காதை வைத்தால் நின்றுவிடும் சத்தம்

என் பைக்குக்கு வயசு இருபதைத் தாண்டியாச்சு. நெடுந்தூரம் ஓடவென்றே செய்த வண்டி. முன்னால் காற்றை மறைக்கும் பெரிய பிளாஸ்டிக் உறை, அதாவது ஃபேரிங், பின்னால் இரண்டு பெட்டி, நடுவில் முதுகுவலியோடு நான். எங்கள் கூட்டணியில் முனகாமல் வந்துகொண்டிருந்தது இன்ஜின் மட்டும்தான்.

போன வாரம் அதுவும் ஆரம்பித்தது. டிர்ர்ர்ர்ர்... தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. 2700 ஆர்பிஎம்மில் இல்லை, 3300-ல் இல்லை. எந்த கியரில் போனாலும் முள் 3000-ஐத் தொட்டால் ஆஜர். நிறுத்தி வைத்து நியூட்ரலில் முறுக்கினாலும் வந்தது. ஆக, சக்கரமோ செயினோ இல்லை, இன்ஜின் சுற்றோடு சம்பந்தப்பட்டது. இதுவரைக்கும் சரியாகத்தான் யோசித்தேன். அதற்குமேல் யோசித்ததுதான் வினை.

டேப்பட்டா? அதுவென்றால் ஐடிலிங்கிலேயே டிக்டிக் என்று கேட்கும், இது ஐடிலிங்கில் பரம சாது. கிளட்சா? பிடித்துப் பார்த்தேன், சத்தம் அப்படியே இருந்தது. டைமிங் செயின் டென்ஷனரா? வண்டிக்கு இருக்கோ இல்லையோ, எனக்கு டென்ஷன் இருந்தது. கடைசியில் மிச்சம் நின்றது பிக் எண்ட், அதாவது இன்ஜின் அடிவயிற்றில் பிஸ்டனின் தண்டு கிராங்க் என்ற சுழலும் தண்டைப் பிடித்திருக்கும் இடம். அந்தப் பெயரை மனசுக்குள் சொன்னதுமே நெஞ்சுக்குள் ‘டொக் டொக்’ என்று தட்டியது.

நீளமான ஸ்க்ரூட்ரைவர் ஒன்றை எடுத்தேன். முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டினால் டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். வலது கையால் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டு, உடம்பை மூன்றாக மடித்துக் குனிந்தேன். 3000.

சத்தம் இல்லை.

நிமிர்ந்தேன். டிர்ர்ர். குனிந்தேன். கப்சிப். ஏழெட்டுத் தடவை. பக்கத்து வீட்டுப் பையன் நான் பைக்கைக் கும்பிடுகிறேன் என்றே நினைத்துவிட்டான்.

மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பிக் எண்ட் சந்தேகத்தை நடுங்கும் குரலில் சொன்னேன். அவர் எந்த டூலும் எடுக்கவில்லை. முறுக்கச் சொல்லிவிட்டு, உள்ளங்கையை ஃபேரிங்மேல் அழுத்தினார். நின்றது. கையை எடுத்தார். டிர்ர்ர்.

“குனியறப்போ தோளை எங்க சாய்ச்சீங்க தம்பி?”

ஃபேரிங்கில்தான்.

3000 ஆர்பிஎம் என்றால் கிராங்க் நொடிக்கு 50 சுற்று. அந்த அதிர்வும் லூசான பிளாஸ்டிக்கின் சொந்தத் துடிப்பும் ஒத்துப்போனால், பறை மாதிரி அடித்துக்கொள்ளுமாம். இன்ஜின் வெறும் தாளம்தான் போட்டிருக்கிறது, பாடியது ஃபேரிங்.

“கடைசியா எப்போ கழட்டினீங்க?”

“ஹெட்லைட் பல்பு மாத்தறப்போ.”

“மாட்டினப்புறம் ஏதாவது மிச்சம் வந்துச்சா?”

வந்தது. கறுப்பாக, குட்டியாக ஒரு ரப்பர் புஷ். கம்பெனிக்காரன் தாராளமாக ஒன்று அதிகம் போட்டிருக்கிறான் போல என்று பத்திரமாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. “ஞாபகம் இல்லைண்ணே” என்றேன். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், அப்படி ஒரு டப்பா எல்லார் வீட்டிலும் இருக்கும் போலத்தான் தெரிந்தது.